முருங்கைக் கிளையில் தொங்கிய கூட்டம்

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தேனீ வளர்ப்புப் பயிற்சி முடித்து ஆறு மாதம்தான் ஆகிறது. இரண்டு பெட்டி வாங்கியிருக்கிறார். ஒன்றில் குடும்பம் இருக்கிறது, மற்றது பெயின்ட் அடித்துக் காலியாக மாமரத்தடியில் இருக்கிறது. போன வாரம் வீட்டு முருங்கைக் கிளையில் பலாக்காய் அளவுக்கு ஒரு தேனீக் கூட்டம் தொங்கியிருக்கிறது. பதறிப்போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தால் அவருடைய தேனீக்கள் அப்படியே இருக்கின்றன. வந்தவை வேறு எங்கிருந்தோ வந்தவை. மறுநாள் மதியம் அந்தக் கூட்டம் மொத்தமாகக் கிளம்பி, காலிப் பெட்டியை விட்டுவிட்டு, வாசலில் இருக்கும் மின்சார மீட்டர் பெட்டிக்குள் போய்விட்டது. "வீட்டில் தேனீ கூடு கட்டினால் குடும்பத்துக்கு ஆகாது, மண்ணெண்ணெய் ஊற்று என்கிறார் அத்தை. என்ன செய்ய?" என்று கேட்கிறார்.

மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். மீட்டர் பெட்டிக்குள் எரியும் எண்ணெயை ஊற்றுவதுதான் குடும்பத்துக்கு ஆகாது. 'தேனீ வந்தால் லட்சுமி வருவாள்' என்று இதே ஊரில் சொல்பவர்களும் உண்டு. இரண்டுக்கும் ஆதாரம் கிடையாது. ஒரு பொந்து தேடி வந்த பூச்சிக்கு நம் ஜாதகம் தெரியாது. மின்வாரியத்தில் சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டு, அனுபவமுள்ள ஒரு தேனீக்காரரோடு சாயங்காலம் இறங்குங்கள். லேசாகப் புகை காட்டி, அடைகளை அறுத்து எடுத்து, பெட்டியின் சட்டங்களில் வாழை நாரால் கட்டுங்கள். ராணி உள்ளே போனால் மற்றவை தாமாகப் பின்னால் போகும்.

இனி, அவை ஏன் வந்தன என்பதைப் பார்ப்போம். பூக்காலம் நெருங்கும்போது ஒரு குடும்பம் பெருத்துவிட்டால் அது இரண்டாகப் பிரியும். பழைய கூட்டையும் சேர்த்து வைத்த தேனையும் மகளுக்கு விட்டுவிட்டு, தாய் ராணி பாதிக்கும் மேற்பட்ட வேலைக்காரத் தேனீக்களோடு வெளியேறும். வயிறு நிறையத் தேன் குடித்துவிட்டுத்தான் கிளம்புகின்றன. காப்பாற்றுவதற்குக் கூடு இல்லை, குஞ்சு இல்லை. அதனால்தான் கிளையில் தொங்கும் கூட்டம் அவ்வளவு சாதுவாக இருக்கிறது. அன்றைக்கே ஒரு துணிப்பையைப் பிடித்துக் கிளையை உதறியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். அடுத்த தடவைக்கு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயிரக்கணக்கான தேனீக்கள் தொங்குகின்றன. எங்கே குடிபோவது என்று யார் முடிவு செய்வது? ராணி இல்லை. அதற்கு இதில் எந்தப் பங்கும் கிடையாது.

இதற்கான துப்பு 1949-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில் கிடைத்தது. மார்ட்டின் லிண்டாவர் என்ற இளைஞர், தேனீ நடனத்தின் பொருளைக் கண்டுபிடித்த கார்ல் ஃபான் ஃபிரிஷின் மாணவர். தொங்கிக்கொண்டிருந்த ஒரு கூட்டத்தின் மேல் சில தேனீக்கள் ஆடுவதை அவர் பார்த்தார். பூவிலிருந்து வரும் தேனீயின் உடம்பில் மகரந்தம் ஒட்டியிருக்கும். இவற்றின் உடம்பிலோ கரி, செங்கல் தூசி, மாவு. போரில் குண்டு விழுந்து இடிந்த நகரம் அது. இடிபாடுகளிலும் புகைக்கூண்டுகளிலும் வீடு தேடிவிட்டு வந்த வேவுத் தேனீக்கள் இவை என்று அவருக்குப் புரிந்தது. ஆட்டத்தின் சாய்வு திசையைச் சொல்லும், நீளம் தூரத்தைச் சொல்லும், பள்ளியில் படித்ததுதான். முதலில் ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்துக்கு ஆடின. சில மணி நேரத்தில், சில சமயம் சில நாளில், எல்லாம் ஒரே இடத்துக்கு ஆடின. அப்புறம் கூட்டம் பறந்தது.

ஒருமித்த முடிவு எப்படி வந்தது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அமெரிக்காவின் தாமஸ் சீலி, பெரிய மரங்களே இல்லாத ஆப்பிள்டோர் தீவுக்குக் கூட்டங்களைக் கொண்டுபோய், தாமே செய்த பெட்டிகளை வைத்துச் சோதித்தார். நல்ல பொந்தைப் பார்த்து வந்த தேனீ நிறையச் சுற்று ஆடும், சுமாரான பொந்தைப் பார்த்தது குறைவாக ஆடும். ஆடிவிட்டு மீண்டும் போய்ப் பார்க்கும், வந்து ஆடும். ஆனால் ஒவ்வொரு பயணத்துக்கும் ஆட்டம் சுமார் 15 சுற்று குறைந்துகொண்டே வரும். பொந்து எவ்வளவு அருமையாக இருந்தாலும் சரி, கடைசியில் பூஜ்யம்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நல்ல இடத்துக்கு 90 சுற்றில் தொடங்கும் தேனீ 90, 75, 60, 45, 30, 15 என்று மொத்தம் 315 சுற்று ஆடும். சுமாரான இடத்துக்கு 45-இல் தொடங்குவது 45, 30, 15 என்று 90-இலேயே ஓய்ந்துவிடும். தொடக்கத்தில் இரண்டு மடங்காக இருந்த வித்தியாசம் முடிவில் மூன்றரை மடங்கு! எந்தத் தேனீயும் இரண்டு இடங்களை ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை, 'நான் கண்டதுதான் சரி' என்று பிடிவாதம் பிடிப்பதும் இல்லை. தான் கண்டதைச் சொல்லிவிட்டு மெல்ல அடங்கிவிடுகிறது. ஆட்டத்தைப் பார்த்த தேனீயும் அப்படியே நம்பிவிடாமல், நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் ஆடுகிறது. தவறான தகவல் தானாகச் செத்துப்போகும் ஏற்பாடு இது.

2012-இல் வெளியான இன்னொரு ஆய்வில் சீலியின் குழு, ஓர் இடத்தின் ஆதரவாளர்கள் மற்ற இடத்துக்கு ஆடுபவர்களைத் தலையால் முட்டி, 'பீப்' என்று ஒலி எழுப்பி நிறுத்தச் சொல்வதையும் காட்டியது. ஒரு பொந்தில் ஒரே சமயத்தில் இருபது, முப்பது வேவுத் தேனீக்கள் சேர்ந்துவிட்டால் முடிவு எட்டப்பட்டது. அவை திரும்பி வந்து கூட்டத்துக்குள் ஊடுருவிக் குழல் ஊதுவதுபோல் ஒலிக்கின்றன. மற்றவை இறக்கைத் தசைகளை அதிரவைத்து உடம்பை 35 டிகிரி செல்சியசுக்குச் சூடேற்றிக்கொள்கின்றன. சுமார் ஒரு நிமிடத்தில் கிளை காலியாகிவிடும்.

இவை எல்லாம் ஐரோப்பியத் தேனீயில் செய்த சோதனைகள். நம் வீட்டு அடுக்குத் தேனீயை, அதாவது இந்தியத் தேனீயை, இதே பொறுமையோடு உட்கார்ந்து பார்க்க நம் பல்கலைக்கழகங்களில் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம். 1991-92-இல், தாய்லாந்தின் பெயர் கொண்ட 'தாய் சாக்புரூட்' என்ற தேனீ வைரஸ் தென்னிந்தியாவின் பெட்டிகளில் பெரும்பாலானவற்றைக் காலி செய்தது. வெளியிலிருந்து இத்தாலியத் தேனீயைக் கொண்டுவந்து ஈடுகட்டினோம். நம் தேனீயைப் புரிந்துகொள்வதற்குச் செலவழிப்பதும் தேன் உற்பத்திக்கான முதலீடுதான்.

சரி, உங்கள் காலிப் பெட்டியை ஏன் ஒதுக்கின? என் ஊகம் இது: புதுப் பெயின்ட் வாசனை, தரையை ஒட்டிய உயரம். மீட்டர் பெட்டியோ உயரத்தில், காய்ந்து, சின்ன வாசலோடு இருந்திருக்கும். காலிப் பெட்டியைக் கொஞ்சம் உயர்த்தி நிழலில் வையுங்கள். உள்ளே பழைய தேன்மெழுகைத் தேயுங்கள். ஒருநாள் நாலைந்து தேனீக்கள், காலில் மகரந்தம் இல்லாமல், வாசலைச் சுற்றி நடந்து உள்ளே போய் வரும். அவற்றைத் தொந்தரவு செய்யாமல், பெட்டியை நகர்த்தாமல், எண்ணிக்கொண்டே இருங்கள். இருபதைத் தாண்டினால், அன்றைக்கு வெளியூர்ப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.