தன் பிழை தன் கண்ணுக்கு ஏன் தெரிவதில்லை?

நான்காம் வகுப்புக் குழந்தை ஒன்று, “திருவிழாவுக்குப் போனோம். அவன் தொலைந்துவிட்டான். அப்பா அழுதார்” என்று எழுதி முடித்தால், அதைச் சோம்பல் என்று சொல்ல முடியாது. தொலைந்தவன் தம்பி என்பதும், ராட்டினத்தின் அருகே அவன் கை நழுவியதும் குழந்தையின் மனத்தில் தெளிவாக இருப்பதால், தாளிலும் அவை இருப்பதாகவே அதற்குத் தோன்றுகிறது. பெரியவர்களும் இதற்கு விலக்கல்ல. பிறர் கட்டுரையைவிடத் தம் கட்டுரையில் பிழை கண்டுபிடிப்பதே கடினம் என்று 1993இல் டேன்மன், ஸ்டெயின்டன் என்ற ஆய்வாளர்கள் காட்டினர். பழகிய வரியில், கண் எழுத்தைப் பார்ப்பதற்குள் மனம் அடுத்த சொல்லை நிரப்பிவிடுகிறது.

திட்டமிடுதல், சொல்லாக்குதல், மீள்பார்த்தல் ஆகிய மூன்றும் எழுதும்போது ஒன்றோடொன்று பின்னி நடக்கின்றன என்று 1981இல் லிண்டா ஃபிளவரும் ஜான் ஹேய்ஸும் விளக்கினர். கொம்பு எங்கே, கால் எங்கே என்று இன்னும் யோசித்தே எழுதும் வயதில், கவனம் முழுவதும் அதிலேயே செலவாகிவிடுவதால், மூன்றாவதற்கு இடமே மிஞ்சுவதில்லை. ஆகவே எழுதுவதை ஒரு நாளும், திருத்துவதை வேறொரு நாளும் வைத்துக்கொள்வது நல்லது.

அந்த இன்னொரு நாளில் என்ன செய்யலாம் என்பதற்கு, மெக்கார்தர், ஷ்வார்ட்ஸ், கிரஹாம் மூவரும் 1991இல், கற்றல் குறைபாடுள்ள மாணவர்களிடம் சோதித்த முறை நல்ல வழிகாட்டி. எழுதியவர் தம் கட்டுரையை உரக்க வாசிக்க, இணை மாணவர் கூடவே பார்த்து வருகிறார்; பிறகு, கட்டுரை எதைப் பற்றியது, தமக்கு மிகவும் பிடித்தது எது என்று சொல்கிறார்; அதன் பின்னரே எங்கே புரியவில்லை, எங்கே இன்னும் விவரம் வேண்டும் என்று குறித்துக்கொண்டு பேசுகிறார். எழுத்துப்பிழையும் நிறுத்தற்குறிகளும் அடுத்த சந்திப்புக்கு உரியவை. இந்த வரிசையை மாற்றக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து, முதலில் பிழைக்கு வட்டம் போட்டுவிட்டால், “அவன் யார்?” என்ற கேள்வி எழாமலே போய்விடுகிறது.

தமிழில் இரண்டாம் சந்திப்புக்குத் தனிக் கவனம் தேவை. உரக்க வாசிப்பது, விடுபட்ட சொல்லைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் பேச்சில் ர, ற இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிப்பதால், ‘மரம்’ ‘மறம்’ ஆனதைக் காது கண்டுகொள்ளாது. கடைசி வாக்கியத்திலிருந்து மேல்நோக்கி ஒவ்வொன்றாகப் படிக்கச் செய்தால், கதையின் ஓட்டம் அறுந்து, கண் சொல்லில் நிற்கும். ஒரு முறைக்கு ஒரு வகைப் பிழை போதும்: இன்று ல, ள, ழ, அடுத்த வாரம் ஒற்று.

பார்த்துச் சொல்பவருக்கும் இதில் பெரும் பயன் உண்டு. பிறமொழியாக ஆங்கிலம் கற்ற மாணவர்களிடம் லண்ட்ஸ்ட்ராமும் பேக்கரும் 2009இல் நடத்திய ஆய்வில், கருத்துப் பெற்றவர்களைவிடக் கருத்துச் சொல்லப் பழகியவர்களின் எழுத்தே கூடுதலாக மேம்பட்டது.

ஆனால் பழக்காமல் விட்டால், குழந்தைகள் “நல்லா இருக்கு” என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். முதலில் ஆசிரியர் தாமே எழுதிய ஒரு பத்தியைக் கரும்பலகையில் வைத்து, வகுப்பின் கேள்விகளுக்கேற்ப அடித்துத் திருத்திக் காட்ட வேண்டும். 1 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான ஆய்வுகளை கிரஹாமும் உடன் ஆய்வாளர்களும் 2015இல் தொகுத்தபோது, எழுத்துத்தரத்தில் விளைந்த முன்னேற்றத்தின் அளவு (எண் பெரிதானால் விளைவும் பெரிது) பெரியவர்களின் கருத்தால் 0.87, தன்மதிப்பீட்டால் 0.62, சக மாணவர்களால் 0.58 என்று இருந்தது. ஆசிரியரின் கருத்துக்கே வலு அதிகம் என்பதால், குழந்தைகள் தாமே களையக்கூடிய ஒற்றுப்பிழைகளில் அதைச் செலவிடாமல், எழுதியவரும் இணை மாணவரும் கேட்கத் தவறிய கேள்விக்கு அதை வைத்திருப்பது தகும்.