தோட்டத்துக்கு ஒரு ஜோடி நாய் வாங்கும் முன்

"தோட்டத்துல ஒரு ஜோடி ராஜபாளையம் விட்டா காவலும் ஆச்சு, குட்டி வித்த காசும் ஆச்சு. என்ன டாக்டர், சரிதானே?" இப்படிக் கேட்டு வருகிறவர்களில் பலர் தோட்டத்தில் குடியிருப்பவர்கள் இல்லை. ஊர்ப்பக்கம் நிலம் வாங்கி, தென்னை வைத்து, சனி ஞாயிறு மட்டும் வந்து போகிறவர்கள். நாயைப் பார்த்துக்கொள்ளக் காவலாளி குடும்பம் இருக்கிறது என்பார்கள். நான் அவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: ராத்திரி இரண்டு மணிக்கு அந்தக் குடும்பத்தில் யாரிடம் வண்டி இருக்கிறது, யார் கையில் செலவுக்குப் பணம் இருக்கிறது?

தடுப்பூசி, குடற்புழு மருந்து, இரண்டு வேளைச் சாப்பாடு, இதற்கெல்லாம் அட்டவணை போடலாம். இனப்பெருக்கத்துக்குப் போட முடியாது. சினைக்காலம் 63 நாள் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் சேர்த்த தேதியிலிருந்து எண்ணினால் 58-ஆம் நாளும் ஈனலாம், 68-ஆம் நாளும் ஈனலாம். ஆண் நாயின் விந்து பெட்டையின் உடலுக்குள் பல நாள் உயிரோடு இருப்பதுதான் காரணம். வேலி சரியில்லாத தோட்டத்தில் தெருநாயும் உள்ளே வந்துவிட்டால், ஒரே ஈத்தில் இரண்டு தகப்பன்களின் குட்டிகள் பிறப்பதும் உண்டு. அப்புறம் 'ஒரிஜினல்' என்று சொல்லி விற்ற குட்டியை வாங்கியவர் திரும்பக் கொண்டுவருவார்.

58-ஆம் நாளிலிருந்து காலையும் மாலையும் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 101, 102 டிகிரி பாரன்ஹீட்டில் இருப்பது 99-க்குக் கீழே இறங்கினால், பெரும்பாலும் ஒரு நாளுக்குள் குட்டி வந்துவிடும். பலமாக முக்கத் தொடங்கி அரை மணி நேரமாகியும் குட்டி வராவிட்டாலும், முதல் குட்டிக்கு முன்பே பச்சையும் கறுப்புமாக நீர் வந்தாலும் உடனே வண்டியில் ஏற்றுங்கள். மாட்டுக்குப் பால் இறக்கப் போடும் ஊசி கொட்டகையில் இருந்தால் அந்த நேரத்தில் அதை யாராவது எடுத்துக் குத்திவிடுவார்கள். அந்த ஊசி கர்ப்பப்பையை இறுக்கும்; குட்டி குறுக்கே சிக்கியிருந்தால் கர்ப்பப்பை கிழிந்துபோகும்.

குட்டி போட்டாயிற்று, நிம்மதி என்று நினைக்கும் நேரத்தில்தான் நான் அதிகம் பயப்படும் சிக்கல் வரும். இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள், குட்டிகள் வெறியோடு பால் குடிக்கும் காலத்தில், தாய் நாய் திடீரென்று மூச்சு இரைக்கும். கால் விறைத்து நடக்கும். உடம்பு நடுங்கும், காய்ச்சல் 105-ஐத் தாண்டும். ரத்தத்தில் கால்சியம் இறங்கிவிட்டது என்று பொருள். சிப்பிப்பாறை, கன்னி போல ஒல்லியான நாய்க்கு எட்டுக் குட்டி என்றால் இதை மனதில் வைத்திருக்க வேண்டும். வெறி பிடித்துவிட்டது என்று பயந்து அறையில் போட்டுப் பூட்டிவிடுகிறார்கள். சில மணி நேரத்தில் செத்துப்போகும். இதயத்துடிப்பைக் கவனித்தபடி நரம்பு வழியாக மெதுவாகக் கால்சியம் ஏற்றினால் கண்முன்னே எழுந்து நிற்கும்.

இதில் ஒரு வேடிக்கை, சினைக்காலம் முழுக்கக் கால்சியம் டானிக் ஊற்றியவர்களின் நாய்க்குத்தான் இது வரும் வாய்ப்பு கூடுதல். வெளியிலிருந்து தாராளமாகக் கிடைப்பதால், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும் பழக்கத்தை உடம்பு தளர்த்திவிடுகிறது. டானிக்குக்குக் கொடுக்கும் காசில் முட்டை வாங்கிப் போடுங்கள். பால் கொடுக்கும் நாய்க்கு வழக்கத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு தீனி வேண்டும். வெறும் தயிர்ச்சோறு ஒப்பேறாது.

முதல் இரண்டு வாரம் குட்டிகளால் தங்கள் உடல் சூட்டைக் காத்துக்கொள்ள முடியாது. நம் ஊர் வெயிலில் இது யாருக்கும் உறைப்பதில்லை. ஐப்பசி மழை ராத்திரியில் சிமெண்டுத் தரையில் கிடந்தால் விடிவதற்குள் விறைத்துவிடும். அப்படிக் குளிர்ந்துபோன குட்டிக்கு அவசரப்பட்டுப் பால் புகட்டக் கூடாது. குடல் இயங்காது, பால் நுரையீரலுக்குப் போகும். முதலில் மெதுவாகச் சூடேற்ற வேண்டும். மளிகைக்கடைத் தராசில் தினமும் எடை பாருங்கள். பிறந்த எடை பத்து நாள் வாக்கில் இரட்டிப்பாக வேண்டும். எடை ஏறாத குட்டிதான் அடுத்து நோயில் விழும்.

குட்டிகளுக்கு வாந்தியும் ரத்தக் கழிச்சலும் வரவைக்கும் பார்வோ வைரஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் இருக்கும். குட்டி பார்க்க வருகிறவரின் செருப்பே அதைக் கொண்டுவரப் போதும். பினாயிலுக்குச் சாகாது, பிளீச்சிங் பவுடர் கரைசலுக்குச் சாகும். "ஒரு ஊசி போட்டாச்சு டாக்டர்" என்பது போதாது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பாற்றலே ஆரம்பத் தடுப்பூசியை வேலை செய்யவிடாமல் தடுக்கும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடச் சொல்கிறோம். வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில்.

ஆடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு சேதி. கோயில் கொடைக்கு வெட்டிய ஆட்டின் தலையை நாய்க்குப் பச்சையாகப் போடாதீர்கள். மூளையில் நீர்க்கட்டி இருந்தால், அது நாயின் குடலில் நாடாப்புழுவாக வளரும். நாய் மேய்ச்சல் நிலத்தில் கழிக்க, அந்த முட்டையை மேய்ந்த ஆட்டின் மூளையில் மறுபடி கட்டி. ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து விழும். நாய்க்கு நாடாப்புழு மருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுத்தால் ஆடும் பிழைக்கும். மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டினை உண்ணிக்காக நாய்க்கு நீங்களே போடுவதையும் நிறுத்துங்கள். அளவு கூடினால் தள்ளாடி, நினைவிழந்து விழும்.

பாம்பு, பூச்சிமருந்து கலந்த தண்ணீர், காட்டுப்பன்றிக்கு வைக்கும் வெடி, இவையெல்லாம் தனிக் கட்டுரைக்கு உரியவை.

விற்பனை எண்ணம் இருந்தால் 2017-இல் வந்த மத்திய அரசு விதிகளைப் படித்துவிடுங்கள். வளர்ப்பாளர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிய வேண்டும், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. ராஜபாளையத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. வாங்குகிறவர்கள் தூய வெள்ளை நிறமும் ரோஸ் மூக்கும் கேட்பார்கள். நிறமி இல்லாத அந்த வெள்ளையோடு காது கேளாமையும் சேர்ந்து வருவதுண்டு. ஆறு வாரக் குட்டி தூங்கும்போது பின்னாலிருந்து கைதட்டிப் பாருங்கள். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இந்தச் சோதனையில் தப்பிவிடும் என்பதால், காது கேளாத குட்டி பிறந்த ஜோடியை மறுபடி சேர்க்க வேண்டாம்.

காவலுக்கு மட்டும்தான் நாய் என்றால் ஒரு பெட்டை நாய் வாங்கிக் கருத்தடை செய்துவிடுங்கள். ஆபரேஷன் செய்தால் காவல் குணம் போய்விடும் என்பது உண்மையில்லை. வயதான பெட்டைகளுக்குக் கர்ப்பப்பையில் சீழ் கோக்கும் நோயும் வராது, பருவத்துக்கு வரும்போதெல்லாம் ஊர்க் கடுவன்கள் வேலியைப் பிரிக்கும் வேலையும் இல்லை. அந்த ஆபரேஷனுக்குப் பகலில் தேதி குறித்துக்கொண்டு வரலாம்.