முறுக்காணியை ஆப்பு ஆக்காதீர்கள்

அக்கா மகனிடம் கிட்டார் மாதிரி ஒரு சின்ன நாலு நரம்புக் கருவி இருக்கிறது, யுகுலேலே. நரம்பை முறுக்கிச் சுருதி சேர்க்கும் டியூனிங் பெக் அதற்குப் புதிதாகத் தேவைப்பட்டது. ஹட்டனில் கிட்டார் கம்பி கிடைத்தது, இது கிடைக்கவில்லை. கொழும்பிலிருந்து தபாலில் எடுத்தோம். பொட்டலத்தின் மேல் தமிழில் ‘சரிப்படுத்தும் ஆப்புகள் – 4’ என்று இருந்தது. பையன் அதை வாசித்துவிட்டு, “மாமா, இத சுத்தியலால அடிக்கணுமா?” என்றான்.

அவன் கேட்டதில் தப்பில்லை. தோட்டத்தில் பிறந்தவனுக்கு ஆப்பு என்றால் என்னவென்று தெரியும். மம்பட்டிப் பிடி ஆடினால் ஒரு சிராயைச் செதுக்கி இடுக்கில் வைத்து அடிப்போம், அதுதான் ஆப்பு. அடித்தபின் அசையவே கூடாது. அசைத்த குரங்கின் கதி என்ன ஆனது என்பதும் ஊரறிந்த கதை. டியூனிங் பெக்கின் வேலை இதற்கு நேர் எதிர். திருப்பினால் திரும்ப வேண்டும், விட்ட இடத்தில் நிற்க வேண்டும். இந்த ஆப்பை இதற்கு முன்பும் நாலைந்து இடங்களில் பார்த்துப் பொறுத்திருக்கிறேன். இந்த முறை முடியவில்லை.

பெக் என்பது ஆங்கிலத்தில் குச்சி, முளை, கொக்கி என்று பலவற்றுக்கும் பொதுப்பெயர். யுகுலேலே ஹவாய்ச் சொல், தாவும் தெள்ளு என்று பொருள் சொல்வார்கள். 1879-ல் மதேராத் தீவிலிருந்து ஹவாய் போன போர்த்துக்கேயரின் சின்ன நரம்புக் கருவியிலிருந்து பிறந்தது. சொல்வரலாறு இவ்வளவு போதும்.

தமிழில் இதற்குச் சொல் இல்லாமலா போயிற்று? வீணை, வயலின்காரர்கள் பிரடை என்கிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் தெலுங்கிலும் கன்னடத்திலும் உள்ளதற்கு உறவு. அது எனக்குக் குறையாகப் படவில்லை. வீணை தெரியாத வீட்டில் விளங்காது என்பதுதான் குறை. முறுக்காணி என்றால் கேட்டவுடனே கை தானாக முறுக்கும். அகராதியிலும் இருக்கிறது, யாழின் மாடகத்துக்கு அதைத்தான் பொருளாகத் தருவார்கள். ‘ஆணியும் அடிக்கிறதுதானே’ என்று ஒரு நண்பர் மடக்கினார். அச்சாணியை யார் அடித்து இறுக்குகிறார்கள்? செருகுகிறோம், தேவைப்பட்டால் கழற்றுகிறோம்.

அதே நண்பருக்குத் தனித்தமிழ் மேல் பற்று கொஞ்சம் அதிகம். திவவு என்று வைக்கலாம் என்றார். பெரும்பாணாற்றுப்படையில் திவவைப் பெண்ணின் முன்கை வளையலுக்கு ஒப்பிட்டிருக்கிறது, அழகான உவமை. ஆனால் அது யாழின் தண்டைச் சுற்றிய வார்க்கட்டு. துளையில் நின்று சுழலும் ஆணிக்கு அந்தப் பெயரை மாட்டினால் நாளைக்கு உண்மையான திவவை எப்படிச் சொல்வது? ஆப்பும் சுத்தத் தமிழ்தான், திவவும் சுத்தத் தமிழ்தான். சுத்தமாக இருந்தால் மட்டும் பொருந்திவிடுமா?

சரி, பொருளுக்கு வருகிறேன். யுகுலேலேயில் முன்பு இருந்தவை பற்சக்கரம் வைத்தவை, இரண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். முதலில் வந்த நான்கும் உராய்வில் நிற்பவை. பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் தண்டும் ஒரு சுற்று. மயிரிழை திருப்பினாலே சுருதி எகிறியது. நுனியிலுள்ள திருகைத் தளர்த்தினால் நரம்பு பின்வாங்கியது, இறுக்கினால் விரல் வலித்தது. அப்புறம் உள்ளே பற்சக்கரம் ஒளித்த இன்னொரு வகை எடுத்தோம், பிடி 4 சுற்றுச் சுற்றினால் தண்டு ஒரு சுற்று. அது நின்றது. முன்னதை உராய்வு முறுக்காணி, பின்னதைப் பல் முறுக்காணி என்று சொல்லிப் பாருங்கள், ஒன்றும் இடிக்காது. உராய்வு ஆப்பு, பல் ஆப்பு என்று சொல்லிப் பாருங்கள்.

அந்தச் சரிப்படுத்துதலும் எனக்குப் பிடிக்கவில்லை. பழுதான ரேடியோவைச் சரிப்படுத்தலாம். நரம்புக்குச் சுருதி சேர்ப்போம். தப்பு மேளத்தைக்கூட நெருப்பில் காய்ச்சிப் பதம் பார்க்கிறோம், யாரும் சரிப்படுத்துகிறோம் என்பதில்லை. உள்ளே இருந்த தாளில் நரம்பு ‘சரம்’ ஆகியிருந்தது, கழுத்தின் உச்சியில் நரம்பு படியும் கட்டை, ஆங்கிலத்தில் நட், ‘கொட்டை’ ஆகியிருந்தது. மொழிபெயர்த்தவர் ஒரு யுகுலேலேயைக் கையில் வாங்கிப் பார்த்திருந்தால் போதும், அகராதியே வேண்டாம்.

நேற்று மாலை பையன் வந்தான். “மாமா, மூணாவது முறுக்கி லூசாயிடுச்சு.” சொல்லில் ‘ஆணி’யை விட்டுவிட்டான். நான் திருத்தவில்லை, திருகை எடுத்து இறுக்கிக் கொடுத்தேன்.