கர்னலில் நினைவகம் சிதைந்தால் ஸ்டாக் டிரேஸை எவ்வளவு நம்பலாம்?

கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கிராஷ் ஆன அறிக்கை கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது ஸ்டாக் டிரேஸின், அதாவது விழுந்த கணத்தில் எந்த ஃபங்ஷன் எதை அழைத்திருந்தது என்ற பட்டியலின், மேல் வரியைத்தான். அங்கே யாருடைய ஃபங்ஷன் பெயர் இருக்கிறதோ, அவர்கள் தலையில் பழி விழும். சாதாரண நல் பாயின்டர் (எதையும் சுட்டாத நினைவக முகவரி) தவறு என்றால் இந்த வழக்கம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். நினைவகச் சிதைவில் மட்டும் அது நம்மைத் தவறான வீட்டுக் கதவைத் தட்ட வைத்துவிடும்.

காரணம் எளிது. லினக்ஸ் கர்னலுக்குள் டிரைவர், ஃபைல் சிஸ்டம், நெட்வொர்க் எல்லாம் ஒரே முகவரி வெளியில்தான் வாழ்கின்றன. நடுவே சுவர் கிடையாது. ஒரு டிரைவர் தான் விடுவித்துவிட்ட நினைவகத்தில் மறுபடி எழுதினால், அந்த இடம் அதற்குள் வேறு யாருக்கோ போயிருக்கும். எழுதியவன் நிம்மதியாகத் திரும்பிப் போய்விடுவான். ஒரு மணி நேரம் கழித்து, புதிதாகக் குடிவந்தவன் தன் பொருளை எடுத்துப் பார்க்கும்போது கர்னல் விழும். ஸ்டாக் டிரேஸில் இருப்பது அவன் பெயர்.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில் சில சர்வர்கள் இப்படித்தான் விழுந்துகொண்டிருந்தன. மூன்று நான்கு நாளுக்கு ஒன்று. ஒருமுறை டைமர் கோடில், அடுத்த முறை ஃபைல் சிஸ்டத்தில், அப்புறம் நெட்வொர்க்கில். மூன்று குழுக்களும் 'எங்கள் கோடு சரி' என்றார்கள். மூவர் சொன்னதும் உண்மை. பொறுமையிழந்த ஒருவர், கோளாறான பாயின்டரைக் கண்டால் பேசாமல் திரும்பிவிடும்படி ஒரு இஃப் சேர்த்தார். அந்த இடத்தில் கிராஷ் நின்றது. என்னைக் கேட்டால், கிராஷைவிட மோசமானது அந்த இஃப்தான். விழும் கர்னல் தடயத்தையாவது விட்டுச் செல்கிறது. விழாமல் ஓடும் சிதைந்த கர்னல், சிதைந்ததை டிஸ்க்கில் எழுதிவிடும். ஊப்ஸ் (கர்னல் தன்னுள் தவறைக் கண்டு தரும் அறிக்கை) வந்தவுடன் பேனிக் ஆகும்படி, அதாவது முழுவதும் நின்றுவிடும்படி, சர்வரை அமைத்து, விழும்போது நினைவகத்தைப் படியெடுத்து வைக்கும் கேடம்ப்பையும் இயக்கி வையுங்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

கேடம்ப் இருந்ததால் எங்களிடம் ஏழு டம்ப் சேர்ந்தன. தனியாக ஒன்றை எடுத்துப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இரண்டு விஷயங்கள் தெரிந்தன. அடிபட்ட பொருள்கள் எல்லாமே கேமாலக்-256 என்ற ஸ்லாபிலிருந்து (ஒரே அளவு நினைவகத் துண்டுகளின் தொகுப்பு) வந்தவை. 193 முதல் 256 பைட் வரை யார் கேட்டாலும் பொதுவாக அங்கிருந்துதான் கிடைக்கும் என்பதால், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவர்கள் அதில் ஒண்டுக்குடித்தனம் இருப்பார்கள். இரண்டாவது, ஒவ்வொன்றிலும் கெட்டிருந்தது பொருளின் தொடக்கத்திலிருந்து ஒரே தொலைவில் இருந்த ஒரு பாயின்டர். 64 பிட் கர்னலில் இந்த மாதிரிப் பாயின்டர்கள் பதினாறடிமானத்தில் 0 அல்லது 8 என்றுதான் முடியும். இவை 7 என்றும் எஃப் என்றும் முடிந்திருந்தன. அதாவது சரியான முகவரியில் ஒன்று குறைந்திருக்கிறது.

ராம் சிப் கெட்டிருக்கலாமே என்று ஒரு கட்சி கிளம்பியது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் 8 என்பது 7 ஆக வேண்டுமென்றால் நான்கு பிட்டுகள் ஒரே நேரத்தில் மாற வேண்டும். ராம் கோளாறு பெரும்பாலும் ஒரு பிட்டைத்தான் புரட்டும், அதுவும் ஏழு முறையும் இவ்வளவு ஒழுங்காகச் செய்யாது. ஒன்றைக் கழிப்பது மென்பொருளின் வேலை. கர்னலில் ஓயாமல் ஒன்றைக் கழித்துக்கொண்டிருப்பது எது? ரெஃபரன்ஸ் கவுன்ட், அதாவது ஒரு பொருளை இன்னும் எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை.

சரி, யாருடைய கவுன்ட்? இதற்கு, கர்னலில் நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் ஸ்லப் அலொகேட்டரின் டீபக் (பிழை தேடும்) வசதி போதும். பூட் செய்யும்போது அந்த ஒரு ஸ்லாபுக்கு மட்டும் அதை இயக்கலாம். விடுவித்த பொருளை அது 6பி என்ற பைட்டால் நிரப்பிவைக்கும், கடைசி பைட்டில் மட்டும் ஏ5. பொருளுக்கு வெளியே சிவப்பு மண்டலம் என்று ஒரு காவல் பட்டை. மறுபடி அந்த இடத்தை ஒருவருக்குக் கொடுக்கும்போது நிரப்பியது கலையாமல் இருக்கிறதா என்று பார்க்கும். நான்காம் நாள் அறிக்கை வந்தது: வரிசையாக 6பி, நடுவில் ஒரே ஒரு 6ஏ. அதற்குக் கீழே அந்த இடத்தைக் கடைசியாக வாங்கியவர், விடுவித்தவர் இருவரின் ஸ்டாக்கும் இருந்தன. ஒரு சேமிப்பக டிரைவர். அதுவரை எந்தக் கிராஷிலும் அதன் பெயர் வந்ததே இல்லை.

(அந்த 6ஏ மட்டும் கையில் இருந்திருந்தால் ராம் கட்சி ஜெயித்திருக்கும். 6பிக்கும் 6ஏக்கும் ஒரு பிட் தான் வித்தியாசம். பாயின்டர்களின் 7-தான் எங்களைக் காப்பாற்றியது.)

இந்த வசதியின் குறை, அது தாமதமாகப் பேசும். எழுதும் கணத்தில் கையைப் பிடிப்பது கேசான் என்ற நினைவகச் சோதனைக் கருவி. 2015-இல் வெளிவந்த லினக்ஸ் 4.0-இல் சேர்ந்தது. ஒவ்வொரு 8 பைட்டுக்கும் ஒரு நிழல் பைட் வைத்து, கம்பைலர் செருகிய சோதனை மூலம் ஒவ்வொரு படிப்பையும் எழுத்தையும் உரசிப் பார்க்கும். நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கு நிழலுக்கே போய்விடும், வேகமும் கண்கூடாகக் குறையும். அந்த மெதுவே சில சமயம் வினை. எங்கள் பிழை இரண்டு சிபியூக்களுக்கு இடையிலான பந்தயம், அதாவது யார் எப்போது முந்துகிறார் என்பதைப் பொறுத்தே தலைகாட்டும் தவறு. கேசான் கர்னலில் ஒரு வாரம் ஓட்டியும் அது தலைகாட்டவில்லை. டிரைவரின் பெயர் தெரிந்த பிறகு, அதன் டைம்-அவுட்டை வேண்டுமென்றே சுருக்கிவிட்டு ஓட்டியதில் இருபது நிமிடத்தில் அகப்பட்டது. இன்னொன்று, கேசான் பார்ப்பது சிபியூ செய்வதை மட்டுமே. ஒரு கார்டு டிஎம்ஏ வழியாக, சிபியூவைத் தொடாமல், நேராக நினைவகத்தில் எழுதினால் அதற்குத் தெரியாது. அந்தச் சந்தேகம் வந்தால், கார்டுகள் எந்த நினைவகத்தைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் ஐஓஎம்எம்யூவைக் கண்டிப்பான முறையில் இயக்கிப் பார்க்க வேண்டும்.

பயன்பாட்டில் இருக்கும் சர்வரில் கேசானை ஓட்ட யாரும் சம்மதிக்க மாட்டார்கள். அங்கே கேஃபென்ஸ் இருக்கிறது, 2021-இல் வந்த 5.12 முதல். இயல்பாக 100 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை, ஒரு ஒதுக்கீட்டை மட்டும், தொட்டால் உடனே பிடிபடும் காவல் பக்கங்களுக்கு நடுவே வைத்துக் கண்காணிக்கும். மொத்தம் 255 பொருள்கள், 4 கேபி பக்கம் என்றால் சுமார் 2 எம்பி செலவு. ஒரு சர்வரில் மட்டும் வைத்தால் லாட்டரிச் சீட்டு மாதிரி. நூற்றுக்கணக்கான சர்வர்களில் வைத்தால் சீட்டு விழுந்துவிடுகிறது.

அந்த டிரைவரில் இருந்த தவறு என்னவோ சின்னதுதான். கோரிக்கைக்குப் பதில் வரும் வழியும் டைம்-அவுட் வழியும் ஒரே கணத்தில் ஓடினால், இரண்டும் அதே ரெஃபரன்ஸை விட்டுவிடும். முதல் விடுதலில் பொருள் விடுவிக்கப்படும். இரண்டாவது, அடுத்தவர் பாயின்டரில் ஒன்றைக் கழிக்கும். கழித்த பின் பூஜ்யம் வராததால் கோடு அமைதியாகத் திரும்பிவிடும். பழைய டிரைவர் என்பதால் இந்த எண்ணிக்கைக்கு, தவறைச் சோதிக்காத வெறும் அட்டாமிக் எண் ஒன்றையே வைத்திருந்தார்கள். 2017 முதல் இருக்கும் ரெஃப்கவுன்ட் வகையைப் பயன்படுத்தியிருந்தால், அந்த இடம் இன்னொருவருக்குப் போவதற்கு முன் இரண்டாவது கழித்தல் நடந்த தருணங்களில் எச்சரிக்கை ஒன்று லாகில் விழுந்திருக்கும்.

திருத்தம் ஒன்பது வரி. அதைவிட நேரம் பிடித்தது, முன்பு சேர்த்த அந்த இஃபை எடுக்கச் சம்மதம் வாங்குவதற்கு. 'இருந்தால் என்ன, நல்லதுதானே' என்றார்கள். ஏழு டம்ப்பையும் மறுபடி திறந்து காட்ட வேண்டியதாயிற்று.