மலையில் உதவி வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்?

மூன்று வாரங்களுக்குள் இது நான்காவது முறை. கணுக்கால் திரும்பி நடக்க முடியாமல் போன ஓர் இளைஞரை ஸ்ட்ரெச்சரில் கிடத்தி, இரவு முழுவதும் சுமந்து, விடியற்காலை நாலேகாலுக்குச் சாலையில் கொண்டுவந்து சேர்த்தோம். நான் அவசர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் மருத்துவர். பல ஆண்டுகளாக ஒரு மலை மீட்புக் குழுவில் தன்னார்வலராகவும் இருக்கிறேன். ஆபத்தில் உதவி கேட்டவர்களைக் குத்திக்காட்டுவதுபோல் ஆகிவிடக் கூடாது என்பதற்காகவே இதுநாள்வரை இதைப் பற்றி எழுதாமல் இருந்தேன். இனியும் பேசாமல் இருந்தால், அடுத்த முறை இறக்கிவருவது உயிரற்ற உடலாக இருந்துவிடுமோ என்ற பயம் வந்துவிட்டதால் எழுதுகிறேன்.

அந்த இளைஞரும் அவருடைய நண்பர்கள் மூவரும் பிற்பகல் ஒரு மணிக்கு ஏறத் தொடங்கியிருக்கிறார்கள். உச்சிக்கு எட்டு கிலோமீட்டர் என்று கைப்பேசியில் பார்த்துவிட்டு, சமதரையில் நடக்கும் கணக்கில் இரண்டு மணி நேரத்தில் ஏறி, இருட்டுவதற்குள் இறங்கிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். ஏற்றம் 900 மீட்டர் என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு ஒன்று உண்டு. மலை பழகியவர்கள் இன்றும் அதைத்தான் முதலில் போட்டுப் பார்க்கிறார்கள். ஐந்து கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி நேரம். அதற்கு மேல், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். இதன்படி அவர்களுக்கு ஏறுவதற்கு மட்டுமே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவும் நல்ல உடல்வலு உள்ளவர் எங்கும் நிற்காமல் நடந்தால். மூச்சு வாங்க உட்கார்ந்ததும் படம் எடுக்க நின்றதும் சேர்ந்து, அவர்கள் உச்சியை அடைந்தபோது மணி ஐந்தரை. வழியில் இருட்டிவிடும் என்பது அவர்கள் கிளம்பிய நேரத்திலேயே முடிவாகிவிட்டது.

நால்வரிடமும் கைப்பேசி இருந்தது. ஒருவரிடமும் டார்ச் இல்லை. கைப்பேசி வெளிச்சத்தை நம்பி இறங்கியிருக்கிறார்கள். அது காலடியில் ஒரு சிறு வட்டத்தைக் காட்டுமே தவிர, பத்தடி தள்ளிப் பாதை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைக் காட்டாது. அதைப் பிடிப்பதில் ஒரு கை போய்விடுவதால், சறுக்கும்போது எதையாவது பற்றிக்கொள்ளவும் கை மிஞ்சாது. ஏழேமுக்காலுக்கு எங்களுக்கு அழைப்பு வந்தபோது மூன்று கைப்பேசிகள் அணைந்துவிட்டிருந்தன. நான்காவதில் ஆறு சதவீதம் சார்ஜ் இருந்தது. குழுத்தலைவர் கேட்ட இரண்டாவது கேள்விக்குப் பதில் வருவதற்குள் அதுவும் அணைந்துவிட்டது. எந்த மலை என்று தெரிந்தது. மலையில் எந்த இடம் என்பது தெரியவில்லை.

அவர்களைக் கண்டுபிடித்தபோது நாங்கள் கேட்ட முதல் வார்த்தைகள், "ஹெலிகாப்டர் வரும் என்று காத்திருந்தோம்" என்பதுதான். என்னை வேறெதையும்விட அதிகமாகக் கவலைப்படுத்துவது இந்த நம்பிக்கைதான். டார்ச் எதற்கு, மழைக்கோட்டு எதற்கு, ஏதாவது ஆனால் ஒரு ஃபோன் போட்டால் போதாதா என்ற எண்ணம் இதிலிருந்துதான் பிறக்கிறது. எனவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மீட்பு ஹெலிகாப்டர் எல்லா மலைகளுக்கும் அருகில் தயாராக நிற்பதில்லை. நிற்கும் இடங்களிலும், மேகம் சரிவை மூடிவிட்டால் அது நெருங்க முடியாது. விமானியின் கண்ணுக்குப் பாறை தெரிந்தாக வேண்டும். இரவில் மலைச்சரிவை ஒட்டிப் பறக்கத் தனிக் கருவிகளும் அதற்கென்றே பயிற்சி பெற்றவர்களும் வேண்டும். உயரம் கூடக்கூடக் காற்றின் அடர்த்தி குறைவதால், ஹெலிகாப்டர் ஓரிடத்தில் அசையாமல் நிற்பதே கடினமாகிறது. அடர்ந்த மரங்களுக்கு நடுவே நீங்கள் உட்கார்ந்திருந்தால், தலைக்கு மேலேயே பறந்தாலும் உங்களைப் பார்க்க முடியாமல் போகலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, மக்கள் வழிதவறுவதும் வழுக்கி விழுவதும் பெரும்பாலும் மூடுபனியிலும் மழையிலும் காற்றிலும் இருட்டிலும்தான். ஹெலிகாப்டரைத் தடுத்து நிறுத்துவதும் அவைதான். உங்களுக்கு அது மிகவும் தேவைப்படும் நேரமும் அதனால் வர முடியாத நேரமும் பல நாட்களில் ஒன்றாகவே இருக்கின்றன.

கைப்பேசியின் நிலையும் அப்படித்தான். பள்ளத்தாக்குக்குள் சிக்னல் கிடைக்காது. குளிரில் பேட்டரி நீங்கள் எதிர்பாராத வேகத்தில் இறங்கும். முப்பது சதவீதம் காட்டிக்கொண்டிருந்த கைப்பேசி திடீரென்று அணைந்துபோனதை நானே பார்த்திருக்கிறேன். சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும் என்பது உண்மை. ஆனால் வரைபடத்தை முன்பே தரவிறக்கி வைத்திருக்காவிட்டால், வெறும் சாம்பல்நிறத் திரையில் ஒரு நீலப் புள்ளி மட்டும்தான் தெரியும்.

சரி, அழைப்பு கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதன் பிறகு என்ன நடக்கிறது? நாங்கள் சீருடையோடு ஒரு நிலையத்தில் காத்துக்கொண்டிருப்பவர்கள் அல்லர். அன்றிரவு வந்த பதினாறு பேரில் ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவர் மின்பணியாளர், ஒருவர் தன் மகளின் பிறந்தநாள் விருந்திலிருந்து பாதியில் எழுந்துவந்தவர். எல்லோரும் திரண்டு, கயிறு, ஸ்ட்ரெச்சர், மருந்துப்பெட்டி, போர்வைகளைப் பங்கிட்டுக்கொண்டு மலையடிவாரத்தை அடையவே ஒன்றரை மணி நேரம் ஆனது. சுமையோடு இருட்டில் ஏறுவதற்கும் இடம் தெரியாமல் தேடுவதற்கும் மூன்று மணி நேரத்துக்கு மேல் போனது. அதன் பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. கரடுமுரடான பாதையில் ஸ்ட்ரெச்சரை ஒரே நேரத்தில் ஆறு பேராவது தூக்க வேண்டும். சில நிமிடங்களிலேயே தோளும் விரல்களும் மரத்துப்போவதால், மாற்றுவதற்கு இன்னோர் ஆறு பேர் கூடவே நடக்க வேண்டும். முன்னால் போய் வழி பார்ப்பவர்கள் தனி. ஒரு கிலோமீட்டர் இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆவது எங்களுக்குச் சாதாரணம். அன்று ஈரப்பாறையில் கால் வழுக்கி எங்கள் குழுவில் ஒருவருக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. ஆறு வாரம் அவர் வேலைக்குப் போக முடியாது. இந்தப் பணிக்கு அவருக்கு ஊதியம் எதுவும் இல்லை.

இத்தனை மணி நேரமும் நீங்கள் அங்கே எப்படி உட்கார்ந்திருப்பீர்கள் என்பதுதான் மருத்துவராக எனக்கு முக்கியமான கேள்வி. கணுக்கால் சுளுக்கினால் யாரும் இறப்பதில்லை. வியர்வையிலும் தூறலிலும் நனைந்த பருத்திச் சட்டையோடு, காற்றடிக்கும் பாறையில், அசையாமல் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தால் இறக்க முடியும். பனி விழும் ஊர்களில்தான் குளிர் கொல்லும் என்று நினைக்கிறார்கள். உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினாலே அது ஹைப்போதெர்மியா; அதற்குப் பனி தேவையில்லை, ஈரமும் காற்றும் போதும். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பநிலை சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அன்று என்னைப் பதறவைத்தது அடிபட்டவர் அல்ல, அவர் பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்த நண்பர். நான் கொடுத்த கம்பளிச் சட்டையை வாங்கி அணிந்துகொண்டு ஜிப்பைப் பூட்ட முயன்றார். விரல்கள் ஜிப்பின் நுனியைப் பிடிப்பதும் நழுவவிடுவதுமாக இருந்தன. நான்கு முறை முயன்றுவிட்டு, எதற்காக அதைப் பிடித்தோம் என்பதே மறந்தவர்போல் கையைக் கீழே போட்டுவிட்டார். கேட்டால், "எனக்கு ஒண்ணுமில்ல சார்" என்றார், வார்த்தைகள் குழறின. அவருக்கு நடுக்கம் ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. நடுக்கம் நின்றதும் குளிர் பழகிவிட்டது என்று உடனிருப்பவர்கள் நிம்மதி அடைகிறார்கள். உள்வெப்பம் சுமார் 32 டிகிரிக்குக் கீழே போனால்தான் பொதுவாக நடுக்கம் நிற்கும். எடுத்ததைக் கீழே போடுவது, நடக்கும்போது தள்ளாடுவது, பேச்சுக் குழறுவது, எரிந்து விழுவது அல்லது எதிலும் ஒட்டாமல் இருப்பது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த நபரைத் தனியே விடாதீர்கள். ஈர உடையைக் கழற்றி உலர்ந்ததை மாட்டுங்கள். தரையின் குளிர் ஏறாமல் கீழே பையையோ கயிற்றையோ போடுங்கள். கைகால்களைத் தேய்க்காதீர்கள். மது கொடுக்கவே கொடுக்காதீர்கள். மிகவும் குளிர்ந்துபோனவரைப் படுத்த நிலையிலேயே, அதிராமல் கையாள வேண்டும். முரட்டு அசைவு ஒன்றுக்கே குளிர்ந்த இதயத்தின் துடிப்பு தாறுமாறாகிவிடலாம். மருத்துவமனையில் எங்களுக்கு இது பாலபாடம். மலையில் இருட்டில் ஆறு பேர் ஸ்ட்ரெச்சரைத் தூக்கும்போது இதைக் கடைப்பிடிப்பது எவ்வளவு கடினம் என்பது தூக்கியவர்களுக்குத்தான் தெரியும்.

விபத்து யாருக்கும் வரும். எல்லா ஏற்பாடுகளோடும் வந்து, கல் பெயர்ந்து கால் முறிந்தவர்களையும் இறக்கியிருக்கிறோம்; அவர்கள் உலர்ந்த உடையோடு, விளக்கோடு, விசில் ஊதிக்கொண்டு காத்திருந்தார்கள், ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்தோம். அவர்களுக்காகத் தூக்கம் கெட்டதில் எங்களில் ஒருவருக்கும் வருத்தம் இருந்ததில்லை. எங்களைச் சோர்வடையச் செய்வது, கைக்குள் அடங்கும் ஒரு பொருள் இல்லாத காரணத்தால் பதினாறு பேர் இரவெல்லாம் உயிரைப் பணயம் வைக்க நேர்வதுதான்.

ஆகவே, ஆளுக்கொரு டார்ச். குழுவுக்கு ஒன்று அல்ல, ஆளுக்கொன்று. தலையில் கட்டும் வகையாக, மாற்று பேட்டரியோடு. காற்றும் மழையும் புகாத மேலாடை ஒன்று. பிளாஸ்டிக் பையில் சுற்றிய உலர்ந்த கம்பளி உடை ஒன்று. வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் இவற்றை விட்டுவிட்டு வராதீர்கள். கைப்பேசியை உடம்போடு ஒட்டிய உள்பையில், ஏர்ப்ளேன் மோடில் வையுங்கள். பவர் பேங்க் கொண்டுவாருங்கள். எந்தப் பாதையில் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், எத்தனை மணிவரை தகவல் வராவிட்டால் உதவி கேட்க வேண்டும் என்பதை வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். இன்ன மணிக்குத் திரும்புவது என்று கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள்; அந்த மணி ஆனதும், உச்சி ஐம்பது மீட்டரில் இருந்தாலும் திரும்பிவிடுங்கள். வழி தவறினால் ஓடையைப் பிடித்துக்கொண்டு இறங்காதீர்கள். ஓடைகள் அருவியாக விழும் இடத்தில்தான் பலரை நாங்கள் கண்டெடுத்திருக்கிறோம். குழு பிரியக் கூடாது. உதவி கேட்ட பிறகு இருந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது.

ஒரு விசில் கட்டாயம் வேண்டும். ஒரு நிமிடத்தில் ஆறு முறை சீரான இடைவெளியில் ஊதுங்கள். ஒரு நிமிடம் நிறுத்துங்கள். மீண்டும் ஆறு முறை. டார்ச் வெளிச்சத்தாலும் இதையே செய்யலாம். நிமிடத்துக்கு மூன்று முறை பதில் வந்தால் உங்கள் ஒலி எங்களுக்குக் கேட்டுவிட்டது என்று பொருள். அப்போதும் நிறுத்தாமல் தொடர்ந்து ஊதுங்கள், அந்த ஒலியைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் உங்களை வந்தடைய வேண்டும்.

இவ்வளவு கடிந்து சொன்னதைப் படித்துவிட்டு, எங்களை அழைக்கவே யாரும் தயங்கிவிடக் கூடாது. தொந்தரவு கொடுக்க வேண்டாம் என்று வெட்கப்பட்டு, வெளிச்சம் இருக்கும்போது பேசாமல் இருந்துவிட்டு, இருட்டி, பேட்டரி தீர்ந்து, நண்பருக்குப் பேச்சுக் குழறிய பிறகு அழைப்பவர்கள் இருக்கிறார்கள். மாலை நான்கு மணிக்கு வரும் அழைப்பு எங்களுக்குச் சுமையைக் குறைக்கிறது. தயவுசெய்து சீக்கிரம் அழையுங்கள். எங்கே இருக்கிறீர்கள், எத்தனை பேர், யாருக்கு என்ன அடி என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம். குரல் அழைப்புப் போகாத இடத்திலும் குறுஞ்செய்தி சில நேரம் போய்விடும். அதையும் அனுப்பிப் பாருங்கள்.

அழைத்த பிறகு தாமாகவே வழி கிடைத்து இறங்கிவிடுபவர்களும் உண்டு. சென்ற மழைக்காலத்தில் இருவரைத் தேடி இரவு இரண்டு மணிவரை புதருக்குள் குரல் கொடுத்துக்கொண்டே நடந்தோம். அவர்கள் பத்து மணிக்கே வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டிருந்தார்கள். இறங்கிவிட்டால், சார்ஜ் போட்டவுடன் முதல் வேலையாக எங்களுக்குத் தகவல் சொல்லுங்கள். நீங்கள் சொல்லும்வரை நாங்கள் தேடிக்கொண்டுதான் இருப்போம்.