பஃபருக்குத் தமிழ் தாங்கல்

கைப்பேசியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கும்போது படம் உறைந்து, நடுவில் ஒரு வட்டம் சுழலத் தொடங்கினால், “பஃபர் ஆகுது” என்கிறோம். தடங்கலுக்கே பஃபர் என்று பெயர் வைத்துவிட்டோம். உண்மையில் பஃபர் என்பது, தரவை முன்கூட்டியே சேர்த்துவைத்துத் தடங்கல் வராமல் காப்பது. அது வற்றிப்போன நேரத்தில்தான் வட்டம் சுழல்கிறது. ஆங்கிலம் பேசுவோரிடமும் இந்தத் தலைகீழ்ப் பொருள் உண்டு. ஆனால் வேலையைச் சொல்லும் தமிழ்ச் சொல் ஒன்று நம் கையிலேயே இருக்கும்போது, அந்தக் குழப்பத்தை நாமும் சுமக்க வேண்டியதில்லை.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் பழைய பொருள் அடியோடு தொடர்புடையது. மெத்தென்ற ஒன்றின் மீது அடி விழும்போது எழும் மந்தமான ஓசையைக் குறித்த ஒரு வினையிலிருந்து, அடியை வாங்கித் தணிக்கும் பொருளுக்குப் பெயர் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் இரயில் வந்தபோது, பெட்டிகளின் முனையில் இருபுறமும் துருத்திக்கொண்டிருக்கும் வட்டத் தட்டுகளுக்கு அது பெயராயிற்று. பெரம்பூரில் கட்டிய பழைய ஐசிஎஃப் பெட்டிகளில் அவற்றை இன்றும் காணலாம். வேதியியலில், சிறிதளவு அமிலமோ காரமோ சேர்த்தாலும் பிஎச் மதிப்பு பெரிதாக மாறாத கரைசலுக்கும், கணினியில், வேகம் ஒத்துப்போகாத இரண்டு பகுதிகளுக்கு நடுவே தரவைச் சிறிது நேரம் வைத்திருக்கும் நினைவிடத்துக்கும் அதே பெயர் நீண்டது.

இணையத்தில் அந்த நினைவிடம் ஏன் தேவைப்படுகிறது என்பதை ஒரு குரல் அழைப்பை வைத்துப் பார்க்கலாம். தொலைபேசித் தரத்தில் குரல் நொடிக்கு 8,000 முறை அளக்கப்படுகிறது. ஓர் அளவுக்கு ஒரு பைட்டாக, 20 மில்லிநொடிக் குரலுக்கு 160 பைட்டுகள் ஒரு பொதியாகக் கட்டப்படுகின்றன. நொடிக்கு 50 பொதிகள் சீரான இடைவெளியில் புறப்படுகின்றன. வழியில், பொதிகளைத் திசைபார்த்து அனுப்பும் ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒரு பொதி காத்திருக்கும், அடுத்தது காத்திராமல் கடந்துபோகும். ஆகவே, சீராகப் புறப்பட்டவை முன்னும் பின்னுமாக வந்து சேர்கின்றன. 2003ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 3550 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் வரையறுக்கும், குரலையும் படத்தையும் உடனுக்குடன் அனுப்புவதற்கான ஆர்டிபி நெறிமுறை, ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் 16 பிட் வரிசை எண்ணையும் 32 பிட் நேரக்குறியையும் வைப்பது, பெறுபவர் பக்கத்தில் அந்தச் சீரை மீட்டுக் கொடுப்பதற்காகத்தான்.

இந்த முன்பின்னான வரவைத்தான் ஜிட்டர் என்கிறார்கள். தமிழில் அதை நடுக்கம் என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை, ஏனெனில் இங்கே எதுவும் நடுங்கவில்லை. 2002இல் வந்த ஆர்எஃப்சி 3393, ஜிட்டர் என்ற சொல்லை வெவ்வேறு துறையினர் வெவ்வேறு பொருளில் ஆள்வதால் குழப்பம் நேர்கிறது என்று கூறிவிட்டு, பொதி வந்து சேர ஆகும் நேரத்தின் மாறுபாடு என்றே பெயரிட்டுக்கொள்கிறது. மூலத்தில் பிழைதிருத்தம் நடந்த பிறகும் நாம் பழைய உருவகத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருப்பது வீண். பொதி வந்து சேர ஆகும் நேரமான லேட்டன்சிக்குச் சுணக்கம் என்றும், ஜிட்டருக்குச் சுணக்க மாறுபாடு என்றும் சொன்னால் இரண்டின் உறவும் விளங்கிவிடும். இரண்டையுமே தாமதம் என்று எழுதும் வழக்கம், சுணக்கம் மிகுதியாக இருந்தும் மாறுபாடு இல்லாத இணைப்பில் பாட்டுத் தடையின்றி ஓடும் என்ற எளிய உண்மையையே மறைத்துவிடுகிறது.

பஃபருக்கு இப்போது பரவலாக உள்ள சொல் இடையகம். அது இருக்கும் இடத்தைச் சொல்கிறது, செய்யும் வேலையைச் சொல்லவில்லை. அதோடு, இன்டர்ஃபேஸைக் குறிக்கும் இடைமுகம் என்ற சொல்லோடு மயங்கவும் செய்கிறது. வேதியியல் பாடநூல்களோ வெகுநாளாகத் தாங்கல் கரைசல் என்றே எழுதிவருகின்றன. தாங்கு என்ற வினை அடியைத் தாங்குவதற்கும் பொருந்தும், ஒன்றை ஏந்தி வைத்திருப்பதற்கும் பொருந்தும். இதற்கும் மேலே, வடதமிழகத்தில் தாங்கல் என்றால் சிற்றேரி. வேடந்தாங்கல், பழவந்தாங்கல் என்று ஊர்ப்பெயர்களில் அது இன்றும் வாழ்கிறது. மழை பெய்தபோது பெய்தபடி, ஒருநாள் வெள்ளமாகவும் ஒருநாள் ஊற்றாகவும் வரத்துக்காலில் வரும் நீரை ஏந்தி, மதகு வழியாகச் சீராக வயலுக்கு விடுவதே ஏரியின் பணி. சுணக்க மாறுபாட்டோடு வரும் பொதிகளை ஏந்தி, 20 மில்லிநொடிக்கு ஒன்றாக ஒலிபெருக்கிக்கு விடும் நினைவிடத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை என்னால் எண்ணிப்பார்க்க முடியவில்லை.

தாங்கல் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்பதும் இந்தப் படிமத்திலேயே விளங்கும். பெரிய ஏரி வரத்துக் குறைவை நெடுநேரம் தாங்கும். ஆனால் அது ஓரளவு நிரம்பிய பிறகே மதகைத் திறக்க முடியும். அந்தக் காத்திருப்பும் சுணக்கத்தில் சேரும். பேச்சுக்கு ஒருவழிச் சுணக்கம் 150 மில்லிநொடிக்குள் இருப்பது நல்லது என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. ஆகவே அழைப்புக்கு மூன்று நான்கு பொதி கொள்ளும் சிறு தாங்கலே ஆகும். காணொளியைச் சிறு துண்டுகளாக வெட்டி அனுப்பும், 2009இல் ஆப்பிள் கொண்டுவந்த எச்எல்எஸ் முறையில் நேரலை பார்க்கும்போது, காணொளியை ஓட்டும் செயலி குறைந்தது மூன்று துண்டுகள் பின்தங்கித் தொடங்க வேண்டும். ஒரு துண்டு 6 நொடி என்றால் 18 நொடி போய்விடும். விக்கெட் விழுந்ததும் பக்கத்து வீட்டில் டிடிஎச் பார்ப்பவர்கள் கத்துவதும், நம் கைப்பேசியில் பந்துவீச்சாளர் அப்போதுதான் ஓடத் தொடங்குவதும் பெரும்பாலும் இதனால்தான்.

மனத்தாங்கல் என்ற வழக்கு இருப்பதால் சொல் மயங்காதா என்று கேட்கலாம். தரவுத் தாங்கல், ஒலித் தாங்கல் என்று அடையோடு எழுதும்போது மயக்கம் வராது. வேதியியல் மாணவர் எவரும் இதுவரை மயங்கியதாகத் தெரியவில்லை. துணைச்சொற்களும் தாமாகவே வந்து சேர்கின்றன: தரவு தீர்ந்துபோவது தாங்கல் வறட்சி, கொள்ளளவு மீறுவது தாங்கல் வழிவு. சுழலும் வட்டத்தின் கீழே எழுத வேண்டிய இரண்டு சொற்களும் இருக்கின்றன: “தாங்கல் நிரம்புகிறது”.