மனா: பசிபிக் தீவுகளின் சொல்லுக்குத் தமிழில் என்ன?

கணினி விளையாட்டு ஆடும் பிள்ளைகளுக்கு ‘மானா’ நன்றாகப் பழகிய சொல். மந்திரம் போடத் தேவையான ஆற்றலின் பெயர் அது. மந்திரம் போடப் போடக் குறையும், பிறகு மெல்ல ஏறும், பெரும்பாலும் நீல நிறத்தில் காட்டுவார்கள். ஆனால் இது பசிபிக் தீவுகளில் இன்றும் தினசரிப் பேச்சில் புழங்கும் சொல். நியூசிலாந்துப் பூர்வகுடிகளின் மாவோரி, ஹவாய், சமோவா, தொங்கா, தாகித்தி மொழிகள் எல்லாவற்றிலும் உண்டு. அங்கே இரண்டு அசையும் குறில். அப்படியே ‘மன’ என்று எழுதினால் மனத்தோடு தொடர்புபடுத்திப் படித்துவிடுவோம் என்பதால் ‘மனா’ என்று எழுதுவதே நல்லது. நம் மனம், மானம், விவிலியத்தின் மன்னா எதற்கும் இதோடு உறவில்லை. ஒலி ஒற்றுமை மட்டுமே.

இவை சேர்ந்த ஓசியானிய மொழிக் குடும்பத்தின் பொது மூதாதை மொழியிலேயே இந்தச் சொல் இருந்தது. இடி, புயற்காற்று போன்ற இயற்கைச் சக்திகளில் வெளிப்படும் வல்லமையே அதன் பழைய பொருள் என்று மொழியியலாளர் ராபர்ட் பிளஸ்ட் 2007-இல் வாதிட்டார்.

உலக அறிஞர்களிடம் இதைக் கொண்டுசேர்த்தவர் ராபர்ட் காட்ரிங்டன் என்ற ஆங்கிலிக்கப் பாதிரியார். அவர் கேட்டறிந்தது மேலே சொன்ன மொழிகள் வழங்கும் பொலினீசியாவில் அல்ல, அதற்கு மேற்கே உள்ள மெலனீசியத் தீவுகளில். 1891-இல் வந்த அவருடைய நூலில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. ஒருவன் வித்தியாசமான வடிவத்தில் ஒரு கல்லைக் காண்கிறான். சாதாரணக் கல் இல்லை என்று தோன்றுகிறது. சரி, சோதித்துப் பார்ப்போம் என்று, அந்தக் கல் எந்தப் பழத்தைப் போல இருக்கிறதோ அந்த மரத்தடியில் வைக்கிறான். அல்லது தோட்டம் போடும்போது மண்ணில் புதைக்கிறான். விளைச்சல் அமோகமாக வந்தால் அந்தக் கல் மனா. வராவிட்டால் வெறும் கல்தான்.

அதாவது மனா இருக்கிறதா என்பதை விளைவே சொல்கிறது. ஆனால் மார்செல் மோஸ், எமில் துர்க்கைம் போன்ற பிரெஞ்சுச் சமூகவியலாளர்கள் மனாவை எங்கும் பரவி நிற்கும் ஆள்சாரா ஆற்றலாக எடுத்துக்கொண்டு, மந்திரம், மதம் இவற்றின் தோற்றத்தையே அதைக் கொண்டு விளக்க முயன்றார்கள். 1984-இல் மானிடவியலாளர் ரோஜர் கீசிங் இதை மறுத்தார். பல ஓசியானிய மொழிகளில் இது பொருளைக் குறிக்கும் பெயரே அல்ல, நிலையைச் சொல்லும் வினை என்றார். எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. ஏனென்றால் தமிழில் இதற்கு நேரான வினை ஒன்று வீட்டுப் பேச்சிலேயே இருக்கிறது: பலித்தல். ‘அவர் வாக்கு பலிக்கும்’, ‘அந்த வேண்டுதல் பலித்தது’ என்கிறோமே, அந்தப் பலிப்புதான் காட்ரிங்டனின் கல்லில் இருப்பது.

மாவோரி மக்களிடம் சொல்லின் எடை வேறு பக்கம் சாய்கிறது. அங்கே மனா முன்னோர் வழியாக வருவது, செயலால் வளர்வது, அவமதிப்பால் குறைவது. அதோடு அது அரசியல் சொல்லும்கூட. 1835-இல் மாவோரித் தலைவர்கள் வெளியிட்ட விடுதலை அறிக்கையில், ஆங்கிலப் பிரதி இறையாண்மை அதிகாரத்தைப் பேசும் இடத்தில் மாவோரிப் பிரதியில் ‘மனா’ வருகிறது. ஐந்தாண்டு கழித்து, 1840-இல் பிரிட்டனோடு செய்த வைத்தாங்கி ஒப்பந்தத்தின் மாவோரிப் பிரதியில், இறையாண்மையைப் பிரிட்டிஷ் அரசிக்குக் கொடுப்பதாகச் சொல்லும் பகுதியில் அந்தச் சொல் இல்லை. ஆளுநர் ஆட்சி என்ற பொருள்படும் ‘காவனதங்கா’ இருக்கிறது. ‘மனா’ என்று எழுதியிருந்தால் தலைவர்கள் கையெழுத்திட்டிருப்பார்களா என்ற கேள்வி நியூசிலாந்தில் நெடுங்காலமாகக் கேட்கப்படுகிறது. மிக நியாயமான கேள்வி. நிலத்தின் மீது ஒரு குழுவுக்கு உள்ள மரபுரிமை அதிகாரத்தை ‘மனா பெனுவா’ என்ற பெயரிலேயே அந்நாட்டின் 1991-ஆம் ஆண்டு வள மேலாண்மைச் சட்டம் ஏற்றது.

விளையாட்டுகளுக்கு வந்த வழி வேறு. அமெரிக்க எழுத்தாளர் லாரி நிவன் 1969-இல் எழுதிய ஒரு சிறுகதையில் மனா என்பது மந்திரத்தின் எரிபொருள். ஓர் இடத்தில் மந்திரம் செய்யச் செய்ய அங்கே அது தீர்ந்துபோகும். 1993-இல் வந்த ‘மேஜிக்: த கேதரிங்’ சீட்டாட்டத்தில் அது நிலத்திலிருந்து எடுக்கும் ஐந்து நிறச் சக்தி. பெறுவது, செலவழிப்பது, கணக்குப் பார்ப்பது என்றாகிவிட்டதால் விளைவைக் கொண்டு அறியும் பழைய பொருள் இங்கே அறவே இல்லை.

அப்புறம், தமிழில் எதைப் பயன்படுத்தலாம்? சங்க இலக்கியத்தின் ‘அணங்கு’ நினைவுக்கு வரலாம். இடத்திலும் பொருளிலும் உறையும் ஆற்றல் என்ற அளவில் பொருந்துகிறது. ஆனால் அணங்கு வருத்துவது. ‘தாக்கணங்கு’ என்கிறது குறள். மனாவுக்கு வருத்துவது அடிப்படைக் குணம் இல்லை, ஆகவே நான் அதை ஏற்கமாட்டேன். ‘சக்தி’ எல்லாவற்றுக்கும் பொருந்தி எதையும் சொல்லாமல் விடுகிறது. கல், மந்திரம், மருந்து பற்றிய இடங்களில் ‘பலிப்பாற்றல்’ எனலாம். தலைவர்களைப் பற்றிய இடத்தில் ‘செல்வாக்கு’ அருமையாகப் பொருந்தும். செல்லும் வாக்கு என்றுதானே அதைப் பிரிக்கிறோம். நில உரிமைக்கு ‘மரபதிகாரம்’. விளையாட்டுக்கு ‘மந்திர ஆற்றல்’ போதும். மாவோரி மொழியில் மனாவிலிருந்து பிறந்த ‘பகமனா’ என்ற வினையும் உண்டு. ஒன்றுக்கு அதிகாரம் கொடுத்து நடைமுறையில் நிற்கச் செய்வது. அதற்குச் ‘செல்லுபடியாக்கு’ என்று எழுதலாம்.